ரீகன் எத்தனை அங்குலம் நகர்ந்தார்?

கேள்வி: எடுத்த கொள்கையிலிருந்து ஓர் அங்குலம்கூட நகராதவர் அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரீகன். வரியைக் குறைத்தார், அரசாங்கத்தைச் சுருக்கினார், சோவியத்துக்கு வளைந்து கொடுக்கவே இல்லை. அப்படி ஒரு தலைவர் இன்று உண்டா?
- வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: அங்குலக் கணக்கா? சரி, அளந்தே பார்த்துவிடலாம்.

பதவியேற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை. 1981 பிப்ரவரி 18 அன்று நாடாளுமன்றத்தில் ரீகன் பேசினார். நாட்டின் கடன் ஒரு லட்சம் கோடி டாலரை நெருங்கிவிட்டது என்று சொல்லி, அது எவ்வளவு என்று புரிய ஓர் உதாரணமும் கொடுத்தார். ஆயிரம் டாலர் நோட்டுகளை 4 அங்குல உயரத்துக்கு அடுக்கினால் பத்து லட்சம். ஒரு லட்சம் கோடிக்கு அடுக்கினால் 67 மைல் உயரம் போகும். என்ன இருந்தாலும் பழைய நடிகர், வசனம் பிசகவில்லை. எட்டு வருஷம் கழித்து அவர் வெள்ளை மாளிகையைக் காலி செய்தபோது கடன் இரண்டரை லட்சம் கோடியைத் தாண்டியிருந்தது. 67 மைலை நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

மேல்தட்டு வருமானத்துக்கு இருந்த 70 சதவீத வரி முதலில் 50 ஆகி, பிறகு 28-க்கு இறங்கியது. ராணுவச் செலவோ மளமளவென்று ஏறியது. கணக்கு உதைக்காமல் என்ன செய்யும்? 1982-லேயே வரியைக் கூட்டும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அடுத்த வருஷம், ஓய்வூதியத்துக்காகச் சம்பளத்தில் பிடிக்கிற வரியும் கூடியது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பானை ஒழுகுகிறது என்று தெரிந்ததும் அடைக்கப் பார்த்தார், அவ்வளவுதான். அவருடைய ரசிகர்கள்தான் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் படிக்கிறார்கள்.

அரசாங்கத்தைச் சுருக்கினாரா? சில இடங்களில் சுருக்கினார். பள்ளி மதிய உணவுக்கான பணத்தில் கைவைத்தார்கள். செலவைச் சமாளிக்க, கெட்சப், ஊறுகாய் மாதிரியான தொட்டுக்கொள்ளும் சமாச்சாரங்களைக் காய்கறிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை விவசாயத் துறையிலிருந்து வந்தது. ஊர் சிரித்த பிறகு அதை வாபஸ் வாங்கினார்கள்.

விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு ஊழியர்கள் 1981 ஆகஸ்டில் வேலைநிறுத்தம் செய்தபோது 48 மணி நேரம் கெடு வைத்தார். திரும்பாத 11,000 பேருக்கு மேல் வீட்டுக்கு அனுப்பினார். அரசு ஊழியர் வேலைநிறுத்தம் செய்வது அங்கே சட்டவிரோதம், மறுக்கவில்லை. ஆனால் முந்தைய தேர்தலில் அவரை ஆதரித்த சங்கம் அது. உங்கள் குறைகளைத் தீர்க்கிறேன் என்று அவரே கடிதமும் கொடுத்திருந்தார். 1960-ல் ஹாலிவுட் நடிகர் சங்கத் தலைவராக ஒரு வேலைநிறுத்தத்தை நடத்தியவரும் இதே ரீகன்தான்!

விலைவாசி இறங்கியதையும் அவர் பெயரில்தான் எழுதுகிறார்கள். வட்டியை ஏற்றி அதை இறக்கியவர் மத்திய வங்கியின் பால் வோல்க்கர். அவரை நியமித்தவர் ரீகனுக்கு முந்தைய அதிபர் கார்ட்டர். ஆனாலும் 1982-ல் வேலையில்லாதோர் நூற்றுக்குப் பத்துப் பேரைத் தாண்டியபோதும் வோல்க்கரை மாற்றாமல் இருந்தாரே, அதற்கு ஒரு சபாஷ் போடலாம்.

வெளிநாட்டு விவகாரத்துக்கு வருவோம். ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்ததற்காக சோவியத்துக்குக் கோதுமை விற்கக் கூடாது என்று கார்ட்டர் தடை போட்டிருந்தார். அந்தத் தடையை 1981 ஏப்ரலில் நீக்கியவர் ரீகன். சோவியத் கெட்டதுதான், ஆனால் விவசாயி ஓட்டு நல்லது!

பயங்கரவாதிகளோடு பேரம் கிடையாது என்று முழங்கிக்கொண்டே, லெபனானில் சிக்கிய பிணைக்கைதிகளுக்காக ஈரானுக்கு ரகசியமாக ஏவுகணை விற்றது அவருடைய அரசு. அதில் வந்த பணம், நாடாளுமன்றம் தடுத்திருந்தும், நிகராகுவாவின் கான்ட்ரா கலகக்காரர்களுக்குப் போனது. 1987 மார்ச் 4 அன்று தொலைக்காட்சியில் தோன்றி, நடக்கவில்லை என்றுதான் என் மனசு சொல்கிறது, சாட்சியங்களோ நடந்தது என்கின்றன என்றார். இதைவிட நயமாக ஒரு தலைவர் அசடு வழிந்து நான் பார்த்ததில்லை.

ஆனால் அவருடைய ஆகப் பெரிய சாதனையும் நகர்ந்ததால் வந்ததுதான். 1983 மார்ச்சில் சோவியத்தைத் 'தீய சாம்ராஜ்யம்' என்றவர், 1987 டிசம்பர் 8 அன்று சோவியத் தலைவர் கோர்பச்சேவோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். தரையிலிருந்து ஏவும் நடுத்தர, குறுந்தூர ஏவுகணைகளை இரு தரப்பும் ஒழிப்பதாக ஏற்பாடு. 2,692 ஏவுகணைகள் அழிக்கப்பட்டன. உங்களைப் போலவே அவரைக் கொண்டாடிய பழமைவாதிகள் கொதித்துப்போனார்கள். சோவியத் பிரசாரத்துக்குப் பயன்படும் முட்டாள் என்றே ஒருவர் அவரைத் திட்டினார்.

1988 மே மாதக் கடைசியில் ரீகன் மாஸ்கோ போனார். இன்னமும் இதைத் தீய சாம்ராஜ்யம் என்றுதான் நினைக்கிறீர்களா என்று கிரெம்ளின் வளாகத்தில் ஒரு நிருபர் கேட்டார். இல்லை, நான் சொன்னது வேறு காலம், வேறு யுகம் என்றார் ரீகன். பக்கத்தில் கோர்பச்சேவ். இடையில் ஓடியிருந்தது ஐந்து வருஷம். ஸ்கேலை எடுத்து நீங்களே அளந்து சொல்லுங்கள், எத்தனை அங்குலம்?