ப்ரோன்டே டியூக்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அட்மிரல் நெல்சன் கடைசிக் காலத்தில் 'நெல்சன் அண்ட் ப்ரோன்டே' என்று கையெழுத்திட்டதாகப் படித்தேன். ப்ரோன்டே சிசிலியில் இருக்கும் ஊராம். ஆங்கிலேயத் தளபதி இத்தாலியப் பிரபு ஆனது எப்படி? வெறும் அலங்காரப் பட்டம்தானா?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

அலங்காரப் பட்டம் இல்லை. நிலமும் சேர்ந்தே வந்தது.

1798 டிசம்பரில் பிரெஞ்சுப் படை நேப்பிள்ஸை நெருங்கியபோது நேப்பிள்ஸையும் சிசிலியையும் ஆண்ட மன்னர் ஃபெர்டினாண்டையும் குடும்பத்தையும் தன் கப்பலில் ஏற்றிப் பலேர்மோவில் கொண்டுபோய்ச் சேர்த்தவர் நெல்சன். அடுத்த ஆண்டு, பிரெஞ்சு ஆதரவோடு அங்கே அமைந்த நேப்பிள்ஸ் குடியரசை ஒடுக்கவும் துணைநின்றார். அதற்குக் கைம்மாறாக 1799இல் மன்னர் தந்ததுதான் இந்த 'ப்ரோன்டே டியூக்' பட்டம். கூடவே எட்னா எரிமலை அடிவாரத்தில் பெரும் பண்ணை. அது பலேர்மோவின் பெரிய ஆஸ்பத்திரிக்கு 1491இல் போப் எட்டாம் இன்னொசென்ட் கொடுத்த சொத்து. அதை எடுத்து ஒரு தளபதிக்குப் பரிசாகத் தந்ததை என்னால் ஏற்கவே முடியவில்லை.

நெல்சன் அங்கே கால்வைக்காமலே 1805இல் இறந்தார். பட்டம் அண்ணன் வில்லியமுக்குப் போனது. 1835இல் வில்லியமும் இறக்க, இங்கிலாந்துப் பட்டம் அக்காள் மகனுக்கு, ப்ரோன்டே மட்டும் வில்லியமின் மகள் ஷார்லட்டுக்கு. அவர் வாழ்க்கைப்பட்ட பிரிட்போர்ட் குடும்பத்திடம் அது அப்படித்தான் சேர்ந்தது.

ஊர்க்காரர்கள் என்ன ஆனார்கள் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். 1860இல் இத்தாலியை ஒன்றிணைக்கப் படையோடு சிசிலியில் இறங்கிய கரிபால்டி, போராடுபவர்களுக்கு நிலம் உண்டு என்று ஆணையிட்டார். பொதுநிலத்துக்காகப் பல வருஷமாக வழக்காடிச் சலித்திருந்த ப்ரோன்டே விவசாயிகள் அதை நம்பினார்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் கலவரம் வெடித்து, பதினைந்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். கொடூரம்தான், மறைக்க வேண்டியதில்லை. கரிபால்டியின் தளபதி நீனோ பிக்சியோ வந்து இறங்கினார். அவசர அவசரமாக ஒரு விசாரணை. ஆகஸ்ட் 10 அன்று ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றார்கள். ஒருவர் வக்கீல் நிக்கோலோ லொம்பார்டோ, தப்பி ஓடாமல் தானாகவே பிக்சியோவைப் பார்க்கப் போனவர். இன்னொருவர் தகர ஊதுகுழலை ஊதிக்கொண்டு தெருவில் திரிந்த, புத்தி சுவாதீனம் இல்லாத மனிதர். அவரைக்கூட விடவில்லை. டியூக்கின் பண்ணைக்கு ஒன்றும் ஆகவில்லை.

1948இல் நடைமுறைக்கு வந்த இத்தாலிய அரசியல் சாசனம், பிரபுத்துவப் பட்டங்கள் செல்லாது என்றது. அப்புறமும் டியூக் பண்ணையின் மானியாச்சே மாளிகை பிரிட்போர்ட் குடும்பத்திடமே இருந்தது. 1981இல் ப்ரோன்டே நகராட்சி அதை விலைகொடுத்து வாங்கியது.