அறக்கட்டளைக்கு ஒரே ஒரு வரி

அன்புள்ள அண்ணன்,

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் என் ஊர். இப்போது மஸ்கட்டில் வேலை. அப்பா போன வருடம் இறந்தார். பேச்சிப்பாறை பக்கம் அரசுப் பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மலையிலிருந்து இறங்கி வரும் பிள்ளைகளில் பலருக்கு நோட்டும் பஸ் காசும் அவர்தான் கொடுப்பார், அம்மாவுக்குக்கூட அந்தக் கணக்கு முழுதாகத் தெரியாது. அவர் பெயரில் ஒரு அறக்கட்டளை தொடங்கலாம் என்று பிள்ளைகள் மூன்று பேரும் முடிவு செய்திருக்கிறோம். ஆடிட்டர் எழுதித் தந்த பத்திர நகலில் நோக்கம் என்று பதினான்கு இருக்கிறது. கல்வி, மருத்துவம், முதியோர் நலம், மகளிர் மேம்பாடு, சுற்றுச்சூழல், பண்பாடு, பேரிடர் நிவாரணம்... படித்தால் அப்பாவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கிறது. அத்தான் வேறு, "நம்ம மாவட்டத்துல தடுக்கி விழுந்தா டிரஸ்ட்டு, இதுல நீங்களுமா? ஒண்ணு மதமாற்றம்னு சொல்லுவாங்க, இல்லேன்னா கறுப்புப் பணம்னு சொல்லுவாங்க" என்கிறார். கனடாவில் இருக்கும் அக்கா பணம் அனுப்பத் தயாராக இருக்கிறார். இந்த நோக்கங்கள் எல்லாம் வெறும் எழுத்துதானா? ஒரு அறக்கட்டளை தன் நோக்கத்தை எப்படி முடிவு செய்ய வேண்டும்?

ச.

அன்புள்ள ச.,

ஆடிட்டர் மேல் தப்பு இல்லை. வரி விலக்குப் பதிவு பத்திரத்தில் உள்ள நோக்கங்களைப் பார்த்துத்தான் கிடைக்கிறது, பிறகு அவற்றை மாற்றினால் திரும்பவும் விண்ணப்பித்து அலைய வேண்டும், அதனால் அகலமாகவே எழுதிவிடுவார்கள். எழுதட்டும். ஆனால் பத்திரம் பதிவாளர் அலுவலகத்துக்கும் வருமான வரித் துறைக்கும் உரியது. அதைத் தவிர உங்களுக்கென்று ஒரே ஒரு வரி வேண்டும். யாருக்கு, என்ன, எதுவரை என்பது மூன்றும் அதில் இருக்க வேண்டும், உதவி பெறுகிறவர் அதை மனப்பாடமாகச் சொல்லி, "இப்படிச் சொன்னீங்களே, செஞ்சீங்களா?" என்று உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று கேட்க முடிய வேண்டும். "ஏழை எளிய மக்களின் முன்னேற்றம்" என்று எழுதி வைத்தால் எந்த ஏழையும் வந்து எதையும் கேட்க முடியாது. அப்படி யாரும் கேட்க முடியாதபடி எழுதிய நோக்கம்தான் வெறும் எழுத்து. மற்றவை அப்படி இல்லை, அதற்கு நம் மாவட்டமே சாட்சி.

சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் வெட்டிய முத்திரிக்கிணற்றை எடுத்துக்கொள்ளுங்கள். யார் எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்கலாம் என்று சாதி பார்த்து வகுத்திருந்த 19ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில், எல்லாரும் ஒரே கிணற்றில் நீர் எடுத்து, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது நோக்கம். அது நடக்கிறதா இல்லையா என்று கிணற்றங்கரையில் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும். நாகர்கோவிலில் 1820களில் மிஷனரியின் மனைவி மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தி லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அப்போது இங்கே அடிமை முறை சட்டப்படியே இருந்தது, 1855இல்தான் ஒழித்தார்கள். லேஸ் பின்னிச் சம்பாதித்த காசைக் கொடுத்துத் தங்கள் விடுதலையை வாங்கிய பெண்கள் உண்டு. ஒரு தொண்டின் பலனை இதைவிடத் தெளிவாக எந்த ஆண்டறிக்கையிலும் காட்ட முடியாது. 1922இல் எவரெஸ்ட் ஏறப் போய்விட்டு நெய்யூருக்கு வந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் சாமர்வெல், அங்கே மிஷன் ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக்குக் காத்துக்கிடந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் இங்கேயே வேலைக்கு வருவதென்று முடிவெடுத்தார். லண்டனில் இருந்தபடி நெய்யூருக்கு என்ன தேவை என்று எழுதி அனுப்பவில்லை, வந்து பார்த்தார்.

மார்த்தாண்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான பதில் அங்கேதான் இருக்கிறது. ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் அமைப்பு, அதன் தலைவர்களில் ஒருவரான கே.டி. பாலின் முயற்சியால் கிராமங்களில் வேலை செய்யத் தொடங்கியது. அந்த வகையில் 1920களில் மார்த்தாண்டத்தில் ஒரு மையம் அமைத்தவர் அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாட்ச். பணமும் பண்டமும் வாரிக் கொடுக்கும் இடமாக அவர் அதை நடத்தவில்லை. ஊர்க்காரர்கள் தாங்களே செய்து, தாங்களே விற்று, தாங்களே நடத்த வேண்டும், தெரியாததைக் கூட இருந்து சொல்லிக்கொடுப்பது மட்டும்தான் மையத்தின் வேலை. அதற்கு முன்பும் இங்கே தேன் எடுத்தார்கள், பொந்தைக் குடைந்து, அடையைப் பிய்த்து, புழுவும் மெழுகுமாகப் பிழிவார்கள், கூடும் அழிந்துவிடும். அதே தேனீயை மரப்பெட்டிக்குள் குடிவைத்து, அடை சிதையாமல் கருவியில் சுழற்றித் தேனை எடுத்துவிட்டு, காலி அடையைத் திரும்பப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடலாம் என்று காட்டினார்கள். நிலம் இல்லாதவரும் வீட்டுப் பின்புறத்தில் இரண்டு பெட்டி வைக்கலாம். விற்பதற்குச் சங்கம் அமைத்தார்கள். கோழி வளர்த்தவர்களுக்கு முட்டை விற்கவும் அப்படித்தான்.

இது நடந்து ஏறக்குறைய நூறு வருடம் ஆகிறது. 1990களின் தொடக்கத்தில் தாய்சாக் புரூட் என்ற வைரஸ் நோய் வந்து நம் பக்கத்துத் தேனீக்களை வாரிக்கொண்டு போனது, வீட்டுக்கு வீடு பெட்டிகள் காலியாகக் கிடந்தன. வெளியிலிருந்து ஒருவர் தந்த தொழிலாக மட்டும் இருந்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். ஆனால் வேலை தெரிந்த குடும்பங்கள் நோய்க்குத் தப்பிய கூடுகளைத் தேடிப் பிடித்து மறுபடி பெருக்கின. இன்றைக்கும் மாசி, பங்குனியில் ரப்பர் மரம் புதுத் துளிர் விடும்போது தோட்டங்களுக்குள் போய்ப் பாருங்கள், மரத்தடியில் கால் நட்டு வரிசையாகப் பெட்டிகள் வைத்திருப்பார்கள். பூவிலிருந்து கிடைப்பதைவிட அந்த இளம் இலைக்காம்பில் சுரக்கும் தேன்தான் அதிகம். அந்தப் பெட்டிக்காரர்களில் பலருக்கு ஹாட்ச் யார் என்றே தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

கடற்கரையிலும் இப்படி ஒன்று நடந்தது. கரையில் மீன் இறங்கியதும் அதை ஏலம் போடுகிறவர் கையில்தான் மீனவர் குடும்பத்தின் பிடி இருக்கும். வலைக்கும் கட்டுமரத்துக்கும் முன்பணம் கொடுத்தவர் தரகர், அதனால் மீனை அவர் வழியாகவே விற்க வேண்டும், விலையும் அவர் சொல்வது, காசு எப்போது கைக்கு வரும் என்பதும் அவர் சொல்வது. கடலுக்குப் போகிறவர்களுக்கு அரிசியும் துணியும் கொடுத்துக்கொண்டே இருந்தால் இது மாறாது. மீனவர்களே ஊருக்கு ஊர் சங்கம் வைத்து, முதல் விற்பனையைத் தங்கள் கையில் எடுத்து, விற்ற தொகையில் ஒரு சிறு பங்கைக் கடனுக்கும் சேமிப்புக்கும் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள். கோட்டாறு மறைமாவட்டத்தின் சமூக சேவைச் சங்கம் அதற்குத் தொடக்கத்தில் துணை நின்றது. அப்புறம் கட்டுமரத்துக்கு ஏற்ற மரம் அரிதாகி விலை ஏறிய நேரத்தில், பியர் ஜில்லே என்ற பெல்ஜியப் பொறியாளர் முட்டத்தில் மீனவர்களோடு சேர்ந்து ஒட்டுப்பலகையில் படகு கட்டிப் பார்த்தார். நம் கரையில் அலை குத்தி உடையும், அதைத் தாண்டிப் போய்த் திரும்பி மணலில் ஏற வேண்டும், அது தெரிந்தவர்கள் மீனவர்கள்தான், அதனால் அவர்கள் சொல்லச் சொல்லப் படகின் வடிவத்தை மாற்றினார்கள்.

இதற்கு நேர்மாறானதையும் அதே கடற்கரை பார்த்தது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று பிணம் எடுத்த ஊர்களுக்கு உலகம் முழுவதும் இருந்து உதவி வந்தது, வந்தவர்களின் மனசில் எந்தக் குறையும் இல்லை, அந்த உதவியால் உயிர் பிழைத்தவர்கள் பலர். ஆனால் தமிழ்நாட்டுக் கரை நெடுகப் பழந்துணி மலைபோல் குவிந்து ரோட்டோரம் கிடந்ததை மறக்க முடியாது. பல இடங்களில் தொலைந்ததைவிட அதிகமான படகுகள் வந்தன. படகு என்றால் படம் எடுக்கலாம், பக்கவாட்டில் நிறுவனத்தின் பெயர் எழுதலாம். கூலிக்குக் கடலுக்குப் போனவர், தலைச்சுமையாக மீன் விற்ற பெண், கருவாடு காயவைத்தவர், இவர்கள் பெயரெல்லாம் படகு இழந்தோர் பட்டியலில் வராது. மீன் விற்கிற பெண்களுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று கேட்டிருந்தால் முதலில் போக்குவரத்தைத்தான் சொல்லியிருப்பார்கள். 2021இல் குளச்சலில் மீன் விற்றுவிட்டு வந்த ஒரு மூதாட்டியை நாற்றம் என்று சொல்லி அரசுப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டதையும், அவர் பஸ் நிலையத்தில் நின்று கதறியதையும் நாடே பார்த்தது.

விளவங்கோடு பக்கம் ஒரு வீட்டில் நான் பார்த்ததையும் சொல்கிறேன். பக்கவாதத்தில் விழுந்த ஒரு பெரியவருக்கு ஓர் அமைப்பு விழா வைத்து, பொன்னாடை போர்த்தி, சக்கர நாற்காலி கொடுத்திருந்தது. வீடு ரப்பர் சரிவில் இருக்கிறது. ரோட்டிலிருந்து இறங்கக் கருங்கல் படிகள், அதுவும் மழையில் பாசி பிடித்தவை, வாசல் நிலை நாற்காலியின் அகலத்தைவிடக் குறுகல். நாற்காலி திண்ணையில் கைப்பிடியில் சுற்றிய பிளாஸ்டிக் உறையோடு அப்படியே நின்றது. பெரியவரின் மகள் என்னிடம் கேட்டது கைப்பிடிக்கு ஒரு கம்பி, கக்கூஸுக்குப் போகும் வழியில் சுவரில் பதிப்பதற்கு. கொத்தனார் அரை நாளில் முடிக்கிற வேலை. கொடுக்க வந்தவர்களில் ஒருவராவது விழாவுக்கு முன்னால் அந்தப் படியில் இறங்கியிருந்தால் அவர்களுக்கே தெரிந்திருக்கும். எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் போகவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் நோக்கம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, அப்பா ஏற்கெனவே அதைச் செய்துகொண்டிருந்தார். பேச்சிப்பாறை அணைக்கு அப்பால் காணிக்காரர் என்ற பழங்குடியினரின் குடியிருப்புகள் இருக்கின்றன, சில இடங்களிலிருந்து பிள்ளைகள் படகேறித்தான் வெளியே வர வேண்டும். "இன்ன இன்ன குடியிருப்புப் பிள்ளைகளில் யாரும் போக்குவரத்தாலோ பணத்தாலோ பன்னிரண்டாம் வகுப்புக்கு முன் படிப்பை நிறுத்தக் கூடாது, அடுத்த பத்து வருடத்துக்கு." இது ஒரு வரி. இதை நான் சொன்னேன் என்பதற்காக எழுதிவிடாதீர்கள். விடுமுறையில் வரும்போது வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டு குடியிருப்புகளுக்குப் போங்கள், அவர்களின் தலைவரான மூட்டுக்காணியைப் பாருங்கள், பிள்ளைகளின் அம்மாக்களோடு உட்காருங்கள், படிப்பை நிறுத்திய பையனையே ஏன் நிறுத்தினாய் என்று கேளுங்கள். அரசின் உண்டு உறைவிடப் பள்ளி, விடுதி, உதவித்தொகை எல்லாம் எதுவரை எட்டுகிறது என்று பார்த்துவிட்டு, விட்டுப்போன இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவேளை அவர்கள், "பஸ் காசு பிரச்சினை இல்லை சார், பள்ளிக்கூடத்துல எங்க பிள்ளைங்களைக் கேலி பண்றாங்க, அதான் போக மாட்டேங்குது" என்று சொல்லலாம். அப்படியானால் உங்கள் வரியும் மாற வேண்டும், செலவும் மாறும். முதியோரையும் சுற்றுச்சூழலையும் விட்டுவிட்டோமே என்று வருந்த வேண்டாம், அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள், இல்லையென்றால் வருவார்கள்.

அத்தான் சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1982இல் மண்டைக்காட்டில் கலவரம் பார்த்த மாவட்டம் இது, யார் யாருக்கு எதற்காக உதவுகிறார்கள் என்று ஜனங்கள் சந்தேகப்படுவதில் நியாயம் இருக்கிறது. உதவி வாங்குகிற பிள்ளையின் வீட்டில் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள் என்று கேட்கவும் கூடாது, நன்றிக்காக எந்தக் கூட்டத்துக்கும் கூப்பிடவும் கூடாது. பிள்ளைகளை மேடையில் நிறுத்திப் படம் எடுக்காதீர்கள், பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அது எவ்வளவு கூச்சம் என்று உங்கள் அப்பாவுக்குத் தெரிந்திருந்தது, அதனால்தான் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. கணக்கு விஷயம் அப்படி அல்ல. அப்பா தன் சம்பளத்தில் கொடுத்தார், யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, பொதுவில் நீங்கள் நடத்தப்போவது வேறு. வருடம் எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி, ஆடிட்டரிடம் கொடுப்பதற்கு முன் அந்தக் குடியிருப்புகளில் கூட்டத்தைக் கூட்டி வாசியுங்கள். பிள்ளைகளின் பெயர் வேண்டாம், தொகை போதும். அங்கே எழும் கேள்விகள் எந்தத் தணிக்கையிலும் வராது. அறங்காவலர்களாக மூன்று பிள்ளைகளோடு நிறுத்தாமல், அந்தக் குடியிருப்புகளிலிருந்து குறைந்தது இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று, இது அவசரம். நீங்கள் மஸ்கட்டில் இருந்தாலும் இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் என்றால், உங்கள் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அறக்கட்டளைக்கு அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகாது. அக்கா கனடாக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால் கதை வேறு. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தருகிற ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் சட்டப்படி அவர் பணம் வெளிநாட்டுப் பணம்தான். வெளிநாட்டு நன்கொடைகளை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டப்படியான பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அதை வாங்கினால் குற்றம். பதிவுக்குப் பொதுவாக அமைப்பு மூன்று வருடம் நடந்திருக்க வேண்டும், அந்த வருடங்களில் 15 லட்சம் ரூபாய் நோக்கத்துக்காகச் செலவழித்திருக்க வேண்டும், பணமும் டெல்லியில் ஸ்டேட் பேங்க்கின் குறிப்பிட்ட ஒரு கிளையில் உள்ள கணக்கில்தான் வந்து சேர வேண்டும். எனவே முதல் சில வருடங்கள் நீங்களும், ஊரில் இருக்கும் உங்கள் மற்ற உடன்பிறப்பும் போடுகிற பணத்திலேயே சின்னதாக நடத்துங்கள். ஆர்வத்தில் அக்கா இப்போதே அனுப்பிவிடப் போகிறார், இன்றைக்கே கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.