மறு: எங்கள் உளவியல் கழகத்தில் ஒரு மாணவி அழுதுவிட்டாள்

தங்கச்சி, கிளிநொச்சியில் உங்கள் பாடசாலைக் கழகத்தில் மனவடு நோயின் (கொடிய அனுபவத்துக்குப் பின் நீடிக்கும் மனப் பாதிப்பு, PTSD) அறிகுறிகளை வாசித்தபோது ஒரு மாணவி "இது என் அம்மா" என்று அழுததாக எழுதியிருந்தீர்கள். வாசிப்பை நிறுத்திவிட்டு அவளருகில் போய் அமர்ந்தீர்களே, அதுதான் சரி. அந்தப் பட்டியலை வைத்து அவள் தாய்க்கு நோயின் பெயரைச் சூட்டிவிடாதீர்கள். அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து வாழ்வைக் குலைக்கின்றனவா என்று மருத்துவரே பார்க்க வேண்டும்.

2009இல் காணாமற்போன மகனுக்கென்று இன்றும் இரவில் ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்த்துவைக்கும் தாயை எனக்குத் தெரியும். அமெரிக்க ஆய்வாளரும் குடும்ப சிகிச்சையாளருமான பாலின் பாஸ் இத்தகைய இழப்பைத் 'தெளிவற்ற இழப்பு' என்றார்; போனவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாததால் துக்கத்துக்கு முடிவு கிடைக்காத இழப்பு அது. அடுத்த கூட்டத்தில் அதைப் படியுங்கள். யாரையும் சொந்தக் கதை சொல்லும்படி கேட்காதீர்கள். அந்த மாணவி விரும்பினால் அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு நீங்களும் கூடப் போங்கள். 1926 என்ற எண்ணையும் கொடுத்துவையுங்கள். அது தேசிய மனநல உதவி அழைப்பு.