வெர்பலும் வேர்ட் லிஸ்ட்டும் – கடிதம்

அன்புள்ள சார்,

நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் இருக்கிறேன். பத்தாவது வரை தமிழ் மீடியம். பிளஸ் டூவும் சிவில் இன்ஜினியரிங்கும் பாலக்காட்டில். இப்போது கோவையில் வேலை, வேலந்தாவளம் வழியாகத் தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். அமெரிக்காவில் எம்எஸ் படிக்க ஆசை. அதற்கான ஜிஆர்இ நுழைவுத் தேர்வுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. மாக் டெஸ்ட்டில் குவான்ட் (கணக்கு) 163 வருகிறது, வெர்பல் (ஆங்கிலம்) 145-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. கோச்சிங்கில் ஆயிரத்துச் சொச்சம் வார்த்தைகளை லிஸ்ட்டாகக் கொடுத்தார்கள். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அதைத்தான் மனப்பாடம் செய்கிறேன். பாதிக்கு மேல் முடித்தும் ஸ்கோர் அசையவில்லை. "தமிழ் மீடியம் என்றால் வெர்பல் இவ்வளவுதான் வரும், குவான்ட்டில் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று அங்கே சொல்லிவிட்டார்கள். வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம், ஆபீஸில் ஆங்கிலம் என்று எந்த மொழியுமே எனக்கு முழுதாக வராமல் போய்விட்டதோ என்று தோன்றுகிறது. நீங்கள் முன்பு கோவையில் வெர்பல் வகுப்பு எடுத்தவர் என்று கேள்விப்பட்டேன். என்ன செய்யட்டும்? இந்தத் தேர்வை வீட்டிலிருந்தே எழுதலாமா?

க.

அன்புள்ள க.,

லிஸ்ட்டைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். தூக்கிப் போட வேண்டாம், அதற்கும் ஒரு வேலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன். ஆனால் பாதி லிஸ்ட் முடித்தும் ஸ்கோர் அசையவில்லை என்றால் கோளாறு வார்த்தையில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது.

இந்த லிஸ்ட் பழக்கம் பழைய ஜிஆர்இ விட்டுப்போனது. 2011 ஆகஸ்டுக்கு முன்பு வெர்பலில் எதிர்ச்சொல் கேட்பார்கள். 'இதற்கு இது என்றால் அதற்கு எது' என்று ஜோடி சேர்க்கச் சொல்வார்கள். வார்த்தை தெரிந்தால் விடை, தெரியாவிட்டால் இல்லை. மனப்பாடம் செய்தவர் பிழைத்தார். அந்த ஆகஸ்டில் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். 200 முதல் 800 வரை இருந்த மதிப்பெண்ணும் 130 முதல் 170 வரை என்று மாறியது. கோச்சிங் சென்டர்களின் ஜெராக்ஸ் மட்டும் மாறவில்லை. ஆயிரம் வார்த்தையை அச்சடித்துக் கையில் கொடுப்பது சுலபம். ஒரு நீளமான வாக்கியத்தை எப்படிப் பிரித்துப் படிப்பது என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்டுவதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும்.

இப்போது நடப்பது 2023 செப்டம்பரில் சுருக்கிய தேர்வு. மொத்தமே இரண்டு மணி நேரத்துக்கு இரண்டு நிமிடம் குறைவு. அதில் வெர்பல் இரண்டு பகுதி: முதலில் 18 நிமிடத்தில் 12 கேள்வி, அடுத்தது 23 நிமிடத்தில் 15 கேள்வி. முதல் பகுதியை எப்படிச் செய்தீர்கள் என்று பார்த்துத்தான் இரண்டாம் பகுதியின் கடினம் அமையும். ஏறத்தாழ பாதிக் கேள்விகள் பேசேஜ் படித்து விடை சொல்பவை. லிஸ்ட்டால் அங்கே பெரிய பிரயோஜனம் கிடையாது. மீதிப் பாதியில்தான் கோடிட்ட இடத்தை நிரப்புவது. அதிலும் வார்த்தை இரண்டாவதாகத்தான் வருகிறது. தமிழிலேயே ஒன்று செய்து பார்ப்போம், நம் எல்லையோரத்துச் சரக்கு:

'அந்தச் சோதனைச்சாவடியில் ஒரு மூட்டையைக்கூடப் பிரிக்காமல் விட்டதாகச் சரித்திரம் இல்லை. ஆகவே அன்று லாரிகளை (1) ____ அனுப்பியது வியாபாரிகளுக்கு நிம்மதியைவிட (2) ____ கொடுத்தது.'

முதல் இடத்துக்கு மூன்று ஆப்ஷன்: தாமதமாக, சோதித்து, அப்படியே. இரண்டாவதற்கு மூன்று: சந்தோஷத்தை, கலக்கத்தை, லாபத்தை.

(2017-இல் ஜிஎஸ்டி வருவதற்கு முன்பு வாளையாரில் லாரிகள் வரிசையாக நின்றதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். உங்கள் வயதுக்காரர்கள் அப்பாவிடம் கேட்டுக்கொள்ளவும்.)

இதில் தெரியாத வார்த்தை ஒன்றுகூட இல்லை. இருந்தும், ஒன்றரை நிமிடம்தான் என்று சொல்லிக் கொடுத்தால் பலர் 'சோதித்து' என்று போடுவார்கள். ஏனென்றால் மூட்டை, சாவடி, சோதனை எல்லாம் ஒரே இனம், கை தானாக அங்கே போகும். 'சந்தோஷத்தை' என்றும் போடுவார்கள், நிம்மதிக்குப் பக்கத்து வீடு அது. சரியாகச் செய்பவர் இரண்டாவது இடத்திலிருந்து தொடங்குவார். அங்கேதான் துப்பு பலமாக இருக்கிறது. 'நிம்மதியைவிட' என்று சொல்லிவிட்டதால் அதற்கு எதிர்ப்பக்கம் இருக்கிற ஒன்றுதான் வர முடியும்: கலக்கம். சரி, வழக்கமாக நிம்மதி தரவேண்டிய எந்தக் காரியம் அன்று கலக்கத்தைத் தந்தது? சோதிக்காமல் விட்டது. ஆக, 'அப்படியே'. 'ஆகவே' என்ற சொல் ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் இப்போது புரிகிறது: எப்போதும் பிரிப்பவர்கள் இன்று பிரிக்கவில்லை என்பதால்தான் பயம்.

இதைத்தான் அந்தப் பரீட்சை ஆங்கிலத்தில் செய்யச் சொல்கிறது. 'தோ' (though), 'டெஸ்பைட்', 'ராதர் தேன்', 'ஃபார் ஃப்ரம்', அப்புறம் வாக்கியத்தின் நடுவில் ஒன்றும் தெரியாததுபோல் நிற்கும் அரைப்புள்ளி. வாக்கியம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சொல்லுபவை இவைதான். லிஸ்ட்டில் இவற்றுக்கு இடமே கிடையாது, ஆறாம் வகுப்பிலேயே தெரிந்த வார்த்தைகள் என்று விட்டுவிடுவார்கள்.

அதனால் செய்ய வேண்டியது: ஆப்ஷன்களைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். வாக்கியத்தைப் படித்துவிட்டுக் கோடிட்ட இடத்தில் நீங்களே ஒரு வார்த்தை போடுங்கள். தமிழோ மலையாளமோ எதுவானாலும் சரி. பிறகு கையை எடுத்து, உங்கள் வார்த்தைக்குக் கிட்ட வருவது எது என்று பாருங்கள். ஒரே இடம் நிரப்பும் கேள்விக்கு ஆப்ஷன் ஐந்து. அவற்றை முதலில் பார்த்தால் ஐந்தையும் மாறிமாறி வாக்கியத்தில் பொருத்திப் பார்ப்பீர்கள், கொஞ்ச நேரத்தில் ஐந்துமே சரி என்று தோன்றும். மூன்று இடம் நிரப்பச் சொல்லும் கேள்விகளும் உண்டு. மூன்றும் சரியாக இருந்தால்தான் மார்க், இரண்டு சரி என்றால் பூஜ்யம்தான். இடத்துக்கு மூன்று ஆப்ஷன், குருட்டாம்போக்கில் அடித்தால் மூன்றும் சரியாக வர வாய்ப்பு 27-இல் ஒன்று. நேரம் போய்க்கொண்டிருந்தால் அதைக் குறித்து வைத்துவிட்டு மேலே போங்கள், அந்தப் பகுதிக்குள் எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம். நெகட்டிவ் மார்க் கிடையாது, எதையும் காலியாக விடாதீர்கள்.

ஆறு ஆப்ஷனில், வாக்கியத்துக்கு ஒரே பொருள் தரும் இரண்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் சென்டென்ஸ் ஈக்விவலன்ஸில் லிஸ்ட் படித்தவர்களுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. ஒரே அர்த்தமுள்ள இரண்டு வார்த்தைகளைப் பக்கத்தில் போட்டு வைப்பார்கள், இரண்டுமே அந்த வாக்கியத்துக்குப் பொருந்தாது. மனப்பாடம் செய்தவர் ஜோடியைப் பார்த்ததும் வாக்கியத்தை மறந்துவிடுவார். உங்கள் மாக் டெஸ்ட்டில் நீங்கள் தவறவிட்ட இந்த வகைக் கேள்விகளை எடுத்துப் பாருங்கள், பாதிக்கு மேல் இந்த ரகமாக இருக்கும் என்று சந்தேகப்படுகிறேன்.

பேசேஜுக்கு வருவோம். இங்கே உங்களைப் போன்றவர்களுக்குத் தனியாக ஒரு ஆபத்து. ஒரு பேச்சுக்கு, பரம்பிக்குளம் ஆழியாறு தண்ணீரைப் பற்றி ஒரு பேசேஜ் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். '1970 ஒப்பந்தப்படி மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தரவேண்டும். அது முழுதாக வருவதில்லை என்கிறார்கள் பாலக்காட்டுச் சித்தூர் விவசாயிகள். மழை குறைந்தால் இரு பக்கமும் குறையும் என்கிறார்கள் தமிழக அதிகாரிகள். ஆனால் இரு தரப்புமே பேசாத ஒன்று, எந்த மாதத்தில் எவ்வளவு திறப்பது என்பது' என்று நாலு வரி. கேள்வி: கட்டுரையாளர் எதை ஏற்றுக்கொள்வார்?

கொழிஞ்சாம்பாறைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு 'கேரளத்துக்கு அநியாயம் நடக்கிறது' என்ற ஆப்ஷனைப் போடுவார். பொள்ளாச்சிக்காரர் நேர் எதிரானதைப் போடுவார். இரண்டும் தப்பு. முதலாவது விவசாயிகள் சொன்னது, இரண்டாவது அதிகாரிகள் சொன்னது. இந்தச் சண்டையைப் பற்றிக் கட்டுரையாளர் தன் வாயால் சொன்னது 'ஆனால்'-க்குப் பிறகு வரும் அந்த ஒரே விஷயம்: திறக்கும் காலத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அதற்கு மேல் ஒரு அங்குலம்கூட அவர் போகவில்லை. விடையும் போகக்கூடாது.

வெர்பல் பேசேஜில் தப்பான ஆப்ஷன்கள் பெரும்பாலும் இப்படித்தான் செய்யப்படுகின்றன: யாரோ சொன்னதை ஆசிரியர் தலையில் கட்டுவது, மெதுவாகச் சொன்னதை 'எப்போதும்', 'ஒருபோதும்' என்று முறுக்கிவிடுவது, உண்மைதான் ஆனால் பேசேஜில் இல்லாத ஒன்றை நைசாக உள்ளே விடுவது. இந்தக் கடைசி ரகத்தில் நன்றாகப் படித்தவர்கள்தான் அதிகம் விழுவார்கள். அணைகளைப் பற்றியோ கான்கிரீட்டைப் பற்றியோ பேசேஜ் வந்தால் சிவில் இன்ஜினியர் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பேசேஜில் இருக்கும் தகவல் மட்டும்தான் அந்த நிமிடத்துக்கு உலகம்.

இங்கே உங்கள் மொழிக் கவலைக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். எந்த மொழியும் முழுதாக இல்லை என்பதெல்லாம் சோர்வில் தோன்றுவது. மீனாட்சிபுரம், கோபாலபுரம், வேலந்தாவளம் பக்கத்து டீக்கடைகளில் தமிழ்ப் பேப்பரும் மலையாளப் பேப்பரும் ஒரே பெஞ்சில் கிடக்கும். ஒரே தண்ணீர்ச் செய்தி இரண்டிலும் எப்படி வந்திருக்கிறது என்று பார்த்துச் சிரித்திருப்பீர்கள். இதில் யார் சொன்னது எது, பேப்பர்காரன் சேர்த்தது எது என்று பிரிக்கிற பழக்கம் உங்களுக்கு இருக்கிறது. அதை ஆங்கிலத்தில் 90 விநாடிக்குள் செய்யப் பயிற்சிதான் இல்லை. இரண்டு மொழி தெரிந்துவிட்டால் மார்க் தானாக வரும் என்று சொல்ல வரவில்லை, வராது. தமிழ் மீடியம் என்பதால் வராது என்பதும் அதே அளவுக்கு வெட்டிப் பேச்சு.

நிஜமான சிக்கல் ஒன்று இருக்கிறது. தமிழில் வினை கடைசியில் வரும், நாமும் கடைசி வரை காத்திருந்து அர்த்தம் எடுப்போம். ஆங்கிலத்தில் வினை முன்னாலேயே வந்துவிட்டு, பின்னால் 'விச்', 'தட்', 'ஹூஸ்' என்று வால் நீண்டுகொண்டே போகும். நாலு வரி வாக்கியத்தில் நாம் வாலைப் பிடித்துக்கொண்டு தலையை விட்டுவிடுகிறோம். தினம் பத்து நீள வாக்கியம் எடுங்கள். யார், என்ன செய்தார் என்ற இரண்டை மட்டும் பென்சிலால் கோடிடுங்கள். பிறகு முழு வாக்கியத்தையும் உங்கள் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். சொல்ல வரவில்லை என்றால் புரியவில்லை என்று அர்த்தம். முதல் மூன்று வாரம் கடிகாரம் வேண்டாம். நேரம் வைத்துத் தப்பாகப் படித்தால், வேகமாகத் தப்பாகப் படிக்கத்தான் பழகும்.

படிக்க எதை எடுப்பது? செய்தி ஆங்கிலம் போதாது, அது சுலபமாக எழுதப்படுவது. உங்களுக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத விஷயத்தில் நீண்ட கட்டுரைகள் வேண்டும்: ஓவிய வரலாறு, பறவைகளின் பரிணாமம், பழைய வணிகக் கணக்குகள். 'தி எகனாமிஸ்ட்', 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' மாதிரி இதழ்களில் இருந்து எடுக்கலாம். சலிப்பாகத்தான் இருக்கும். தேர்விலும் அப்படித்தான் இருக்கும்.

இப்போது லிஸ்ட்டை வெளியே எடுங்கள். அகர வரிசையில் படிக்காதீர்கள். புகழ்வது, திட்டுவது, மழுப்புவது, பிடிவாதம், சிக்கனம் என்று கூட்டம் கூட்டமாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு வாக்கியம், நீங்கள் படித்த கட்டுரையிலிருந்து. தெரிந்த வார்த்தைகளின் தெரியாத முகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'குவாலிஃபை' என்றால் தேர்ச்சி பெறுவது என்று நினைத்துக்கொண்டு போனால், சொன்னதைக் கொஞ்சம் மட்டுப்படுத்துவது என்ற பொருளில் வந்து காலை வாரும். பஸ் நேரத்துக்கு இது சரியான வேலை. பேசேஜைப் பஸ்ஸில் படிக்க வேண்டாம், நம் ரோடு அதற்கு விடாது.

தவறுகளுக்கு ஒரு நோட்டு போடுங்கள். சரியான விடை எது என்பதை எழுதவே வேண்டாம். நீங்கள் போட்ட தப்பான விடை ஏன் தப்பு என்பதை ஒரே வரியில், தமிழிலேயே எழுதுங்கள். 'ஆசிரியர் சொல்லவில்லை, எதிர்த்தரப்பு சொன்னது' என்கிற மாதிரி. இருபது பக்கம் ஆனதும் புரட்டினால் ஒரே தப்பைத் திரும்பத் திரும்பச் செய்வது தெரியும். கேள்விகளுக்கு, தேர்வை நடத்தும் இடிஎஸ்-ஸே தருபவற்றை முதலில் முடியுங்கள். அவர்களுடைய பவர்பிரெப் என்ற பயிற்சித் தளத்தில் இரண்டு முழு மாக் டெஸ்ட் இலவசம். ஒன்றை இப்போது எழுதுங்கள், இன்னொன்றைத் தேர்வுக்குப் பத்து நாள் முன்புக்கு வையுங்கள். மற்றவர்கள் செய்த வெர்பல் கேள்விகளில் பல, வார்த்தையை மட்டும் கடினமாக்கி லாஜிக்கைக் கோட்டை விட்டவை. உங்கள் 145 எந்த மாக் டெஸ்ட்டில் வந்தது என்று எழுதவில்லை, அதையும் பாருங்கள்.

கட்டுரைப் பகுதி ஒன்றே ஒன்று, 30 நிமிடம். நாலைந்து தலைப்பில் எழுதிப் பழகினால் போதும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியாது. நீங்கள் விண்ணப்பிக்கப் போகிற துறைகள் ஜிஆர்இ கேட்கின்றனவா? 2020-க்குப் பிறகு நிறையத் துறைகள் அதை விருப்பத்துக்கு விட்டுவிட்டன, சில வேண்டாம் என்றே சொல்லிவிட்டன. ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரு துறை கேட்கும், பக்கத்துத் துறை கேட்காது. இந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொரு துறையின் இணையப் பக்கத்தையும் பார்த்து எழுதி வையுங்கள். கேட்கிற இடங்களிலும் இன்ஜினியரிங்குக்குக் குவான்ட்டைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்பது பொதுவான நடைமுறை. 145-ஐ 152, 153-க்குக் கொண்டு வந்தால் உங்களுக்குப் போதும் என்று நினைக்கிறேன். 165-க்கு ஆசைப்பட்டு வேலையில் லீவு போட வேண்டாம். முதல் முறை சரியாக வராவிட்டால் 21 நாள் கழித்து மறுபடி எழுதலாம், எந்த ஸ்கோரை அனுப்புவது என்பதும் உங்கள் கையில்தான். ஒவ்வொரு முறையும் முழுக் கட்டணம் கட்ட வேண்டும் என்பதுதான் கடி.

வீட்டிலிருந்து எழுதுவதைப் பற்றி: அனுமதி உண்டு, ஆனால் உங்கள் நிலையில் நான் மையத்துக்கே போவேன். வீட்டில் தனி அறை வேண்டும், தேர்வு முடியும் வரை யாரும் உள்ளே வரக்கூடாது, சாதாரணப் பேப்பரில் கணக்குப் போடவும் விடமாட்டார்கள், அழிக்கிற சிறு வெள்ளைப் பலகை வேண்டும். அப்புறம் பாலக்காட்டுக் காற்றும் கரண்ட்டும் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். பதிவு செய்யும்போது பக்கத்தில் எந்த மையம் காட்டுகிறதோ அங்கே இடம் பிடியுங்கள். பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி இருக்கிறதோ எழுத்து பிசகாமல் அப்படியே பதியுங்கள். நம் ஊர்ப் பக்கம் சர்ட்டிஃபிகேட்டில் இனிஷியல் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக என்று இருப்பது சகஜம். அதைப் பணம் கட்டுவதற்கு முன்பே ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.