பெட்ரோல் வாடையும் கறுப்பு டப்பாவும்: கேட்டவர்களுக்குப் பதில்

காரைக்குடியில் முப்பது வருஷத்துக்கு மேலாக கார்புரேட்டர் வண்டிகளோடு மல்லுக்கட்டுகிறேன். பெட்ரோல் ஆவி, அதைப் பிடித்து வைக்கும் கறுப்பு டப்பாவான கேனிஸ்டர், டேங்க் மூடி பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். மைலேஜ் கேட்டவர்களை விட்டுவிட்டேன்.

கானாடுகாத்தான்: அண்ணே, 98 மாடல் மாருதி 800. வெயிலில் நிறுத்திவிட்டு எடுத்தால் பெட்ரோல் வாடை. ஒழுகல் எங்கும் இல்லை. கேனிஸ்டர் போய்விட்டதா?

முதலில் ஒன்று சொல்லுங்கள்: பங்கில் பெட்ரோல் ஊற்றும் துப்பாக்கி தானாக நின்ற பிறகும் கணக்கு முழுசாக வரட்டும் என்று இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்கிறீர்களா? பத்துக்கு ஏழு பேர் சொல்கிறார்கள். டேங்கின் மேல்பகுதி காலியாக இருக்க வேண்டியது ஆவிக்காக. அதை நிரப்பினால் வெயிலில் பெட்ரோல் விரிந்து, ஆவிக்குழாய் வழியாக திரவமாகவே கேனிஸ்டருக்குப் போய்விடும். அந்த டப்பாவில் இருக்கும் கரி ஆவியைப் பிடிக்கத்தான். பெட்ரோலில் ஊறினால் அதன் வேலை முடிந்தது.

வண்டி நிற்கும்போது டேங்கிலிருந்தும், மாடலைப் பொறுத்து கார்புரேட்டரில் பெட்ரோல் நிற்கும் கிண்ணத்திலிருந்தும் கிளம்பும் ஆவி கேனிஸ்டருக்கு வருகிறது. கரி அதைப் பிடித்து வைக்கிறது. எஞ்சின் ஓடும்போது அதன் உறிஞ்சல், அதாவது வேக்குவம், டப்பாவின் வழியாக வெளிக்காற்றை இழுக்கிறது. பிடித்த ஆவி அதோடு போய் எரிகிறது.

சோதனைக்கு வருவோம். டப்பாவைக் கழற்றிக் கவிழ்த்துப் பாருங்கள். பெட்ரோல் சொட்டினால் மாற்ற வேண்டியதுதான். சொட்டவில்லையா? எஞ்சினைச் சூடாக்கி, கார்புரேட்டர் பக்கம் போகும் ஹோஸைக் கழற்றி நுனியில் விரல் வையுங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஐட்லிங்கில் இழுக்கக் கூடாது. ஆக்சிலேட்டர் கொடுத்தால் இழுக்க வேண்டும். ஐட்லிங்கிலேயே இழுத்தால் ஆவியை எஞ்சினுக்கு விடும் வால்வ் திறந்தபடி மாட்டியிருக்கிறது, இல்லை ஹோஸ் மாறியிருக்கிறது. எஞ்சின் நடுங்கினால் அதுவும் அதனால்தான். எப்போதுமே இழுக்கவில்லை என்றால் ஹோஸ் அடைப்பு, அல்லது யாரோ கார்புரேட்டரைக் கழற்றி மாட்டும்போது வேறு முனையில் சொருகிவிட்டார். என்னிடம் வருவதில் பாதி இந்தக் கேஸ்தான். டேங்க் பக்கக் குழாயை கம்ப்ரசரால் ஊதாதீர்கள், டேங்க் வீங்கும். மூடியைத் திறந்துவைத்து, சைக்கிள் பம்பால் மெதுவாக ஊதினால் போதும்.

தேவகோட்டை: 82 அம்பாசடரில் கேனிஸ்டர் எங்கே இருக்கிறது?

இல்லை. தேடாதீர்கள்.

பள்ளத்தூர்: அப்பச்சி வாங்கிய பத்மினி கார். திருமயம் தாண்டுவதற்குள் நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் விட்டால் கிளம்புகிறது. ஏர் லாக் என்கிறார்கள்.

இருக்கலாம். ஆனால் அதற்கு முன் காசில்லாத சோதனை ஒன்று. நின்றவுடன் டேங்க் மூடியைத் திறங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே போகிறதா? அப்படியானால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது, இல்லை துளையே இல்லாத மூடி போட்டிருக்கிறீர்கள். பெட்ரோல் வெளியே போன இடத்துக்குக் காற்று வரவில்லை என்றால் பம்ப் எதை இழுக்கும்? ஒருமுறை நானே வாடைக்குப் பயந்து ஒரு பத்மினிக்கு இறுக்கமான மூடி போட்டனுப்பினேன். டேங்க் ஒரு பக்கம் உள்வாங்கித் திரும்பி வந்தது. அந்தச் செலவு என் கணக்கில்.

'புஸ்' இல்லை என்றால் பெரும்பாலும் ஏர் லாக். பெயர்தான் ஏர், உண்மையில் எஞ்சின் சூட்டில் பம்பிலும் குழாயிலும் பெட்ரோலே ஆவியாகி நிற்கிறது. ஈரத்துணியைப் பம்பில் சுற்றும் பழைய வைத்தியம் வீடு போய்ச் சேர உதவும். குழாயை எக்ஸாஸ்ட்டிலிருந்து தள்ளிக் கொண்டுபோவதுதான் தீர்வு.

புதுவயல்: கேனிஸ்டரை அறுத்து, கொட்டாங்குச்சிக் கரி போட்டு ஒட்டிவிட்டேன். புதுசு வாங்கும் செலவு மிச்சம்.

மிச்சமில்லை. அடுப்புக் கரியில் ஆவி தங்கும் துளைகள் மிகக் குறைவு. நீராவியால் பதப்படுத்திய ஆக்டிவேட்டட் கார்பனில் ஒரு கிராமுக்குள் ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்கு உள்பரப்பு உண்டு. மேலும் உங்கள் கரித்தூள் ஹோஸ் வழியாக எஞ்சினுக்குள் போகும்.

கண்டனூர்: அண்ணே, ஆக்டிவேட்டட் கார்பனே கொட்டாங்குச்சியிலிருந்துதானே செய்கிறார்கள்? கொங்குப் பக்கம் ஆலைகளே இருக்கின்றனவே. புதுவயல் அண்ணன் சொல்வதில் என்ன தப்பு?

நல்ல மடக்கு. ஆலைகள் இருப்பது உண்மை. ஆனால் கொட்டாங்குச்சிக் கார்பனின் துளைகள் மிக நுணுக்கமானவை. தண்ணீர் வடிகட்ட அருமை. பெட்ரோல் ஆவியையும் பிடிக்கும்; பிடித்ததை எளிதில் விடாது. கேனிஸ்டருக்கு இரவு பிடித்ததைக் காலையில் விடுகிற கரி வேண்டும். அதனால்தான் பெரும்பாலும் மரத்திலிருந்து செய்த, கொஞ்சம் பெரிய துளை உள்ள குருணைகளைப் போடுகிறார்கள். வட்டிக்கடை நடத்திய ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? கொடுத்தது திரும்பி வந்தால்தானே அடுத்த வரவு.

புதுவயல் (மறுபடியும்): ரெண்டு மாதமாக வாடையே இல்லை அண்ணே.

அறுத்து ஒட்டியபோது வெளிக்காற்று வரும் மூச்சுத் துளையையும் சேர்த்து அடைத்திருப்பீர்கள். மூடியைத் திறந்து பாருங்கள். 'புஸ்' என்றால் பள்ளத்தூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். இத்தோடு கரியை விடுவோம். இதன் பிறகும் பதினோரு பேர் கரி பற்றியே எழுதியிருக்கிறார்கள். ஒருவர் புளியமரக் கரி போடலாமா என்கிறார்.

கோட்டையூர்: மாப்பிள்ளை கலிபோர்னியாவில் 84 மாடல் கார்புரேட்டர் பிக்கப் வண்டி வைத்திருக்கிறார். புகைச் சோதனையில் ஆவிக்கசிவு என்று திருப்பிவிட்டார்களாம்.

இந்த டப்பா முதலில் கட்டாயமானதே அந்த மாநிலத்தில்தான், 1970 மாடல்களிலிருந்து. அடுத்த வருஷம் அமெரிக்கா முழுக்க வந்தது. 1976-க்கு முந்தைய மாடல் என்றால் சோதனையே கிடையாது, 84 தப்பாது. அங்கே டேங்கில் மெல்லிய அழுத்தம் கொடுத்து, இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். மூடியின் ரப்பர், டேங்க் மேலுள்ள ஹோஸ், கேனிஸ்டர், இந்த வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். பானட்டின் அடியில் வேக்குவம் ஹோஸ் படம் ஒட்டியிருக்கும். அதன்படி இருக்க வேண்டும்.

காரைக்குடி, செக்காலை: 2018 கார்புரேட்டர் பைக். கேனிஸ்டரை எடுத்துவிட்டால் பிக்கப் கூடுமாமே?

பிக்கப் கூடுவதில்லை. பிஎஸ்-4 புகை விதிப்படி வந்த பைக்கில் அது சட்டப்படி வந்தது. எடுத்துவிட்டு டேங்க் ஹோஸை அடைத்து, நடுரோட்டில் நின்றவர்களை எனக்குத் தெரியும். மற்ற பைக் கேள்விகளுக்கு பைக் மெக்கானிக்கைப் பாருங்கள்.

குன்றக்குடி: ஹோஸ் எல்லாம் கொழகொழவென்று ஆகிவிட்டது. ஏன்?

இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் தாங்காது. எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்கி, ஆவி ஹோஸையும் சேர்த்து மாற்றுங்கள்.

திருப்பத்தூர்: கல்யாணத்துக்குப் போகிறோம், வாய் வரை நிரப்பிக்கொள்ளலாமா?

கானாடுகாத்தான்காரருக்கு முதலில் சொன்னதைப் படியுங்கள்.

நாட்டரசன்கோட்டை, ஓர் ஆச்சி: வருஷத்துக்கு ஒருமுறைதான் வீட்டைத் திறப்போம். இன்று கார் கொட்டகையைத் திறந்தால் பெட்ரோல் வாடை தூக்குகிறது. உள்ளே பழைய மாரிஸ் கார். பேரன் ஸ்டார்ட் பண்ணலாமா என்கிறான்.

ஆச்சி, வேண்டாம். இது கேனிஸ்டர் விஷயமே இல்லை, அந்தக் காரில் அது கிடையாது. எங்கோ பெட்ரோல் கசிகிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு கிடக்கும். கொட்டகைக் கதவை அகலத் திறந்து விடுங்கள். உள்ளே லைட் ஸ்விட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். பக்கத்தில் விளக்கோ அடுப்போ இன்று ஏற்ற வேண்டாம். கார் சாவியைப் பேரனிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக் காலை ஏழு மணிக்கு நானே வருகிறேன், பெட்ரோலை வடிக்க நல்ல தகர கேன் ஒன்று மட்டும் எடுத்து வையுங்கள்.