மான்டெரே: எதிரே நின்றும் தெரியாத துறைமுகம்

கேள்வி: 1769-ல் கலிபோர்னியக் கரையோரமாகத் தரைவழியே படை நடத்திப்போன ஸ்பானியத் தளபதி போர்த்தோலா, மான்டெரே துறைமுகத்துக்கே போய்ச் சேர்ந்தும் அதை அடையாளம் காணவில்லையாமே, எப்படி?

பதில்: உண்மைதான். அவர் நம்பிப்போனது, 1602 டிசம்பரில் அங்கே நங்கூரமிட்ட ஸ்பானியக் கடலோடி விஸ்காய்னோவின் வர்ணனையை ஒட்டி எழுதப்பட்ட மாலுமிக் குறிப்புகளை. அதில் அட்சரேகை 37 டிகிரி. சரியான அளவோ 36 டிகிரி 36 நிமிடம். கிட்டத்தட்ட 45 கிலோமீட்டர் வித்தியாசம்.

அதைவிடப் பெரிய சிக்கல் வர்ணனை. எல்லாக் காற்றுக்கும் மறைவான அருமையான துறைமுகம் என்று விஸ்காய்னோ புகழ்ந்திருந்தார். ஆனால் அது மேற்கே திறந்து கிடக்கும் அகன்ற விரிகுடா; பினோஸ் முனை மறைக்கும் தென்மூலையில் மட்டுமே கப்பலுக்கு ஒதுக்கிடம் உண்டு. அவரையும் குறை சொல்ல மனம் வரவில்லை. மெக்சிகோவின் அகாபுல்கோவிலிருந்து மே மாதம் கிளம்பி, வடமேற்கு எதிர்க்காற்றோடு ஏழு மாதம் போராடி வந்தவர். ஆட்கள் வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயில் விழுந்துகிடந்தார்கள். மணிலாவிலிருந்து சரக்கேற்றி வரும் ஸ்பானியக் கப்பல்களுக்கு ஒரு துறைமுகம் கண்டுபிடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் வேறு.

போர்த்தோலாவின் ஆட்கள் மூடிய துறைமுகத்தைத் தேடி வடக்கே நடந்தார்கள். நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவைக் கண்டார்கள். மான்டெரே இதுதான் என்று அடையாளம் கண்டது 1770 மே மாதத்தில்தான்.