லைபாக் இசைக்குழு நாஜி ஆதரவாளர்களா? அவர்கள் பாட்டைக் கேட்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம். லைபாக் ஸ்லோவேனியாவைச் சேர்ந்த குழு, அவர்கள் நாஜிகள் இல்லை. இவ்வளவு அழுத்தமாகச் சொல்லக் காரணம் உண்டு. இதே கேள்விக்கு ஒரு ஆபீஸ் அறையில் உட்காரவைத்து என்னிடம் விளக்கம் கேட்டார்கள்.

நீங்கள் யூட்யூபில் அவர்களுடைய 'லைஃப் இஸ் லைஃப்' வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மலை, சீருடை, முரசு, அடித்தொண்டையில் உறுமும் பாடகர் மிலான் ஃப்ராஸின் குரல். முதல் தடவை பார்க்கிற யாருக்கும் திக்கென்றுதான் இருக்கும்.

நான் ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரத்தில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். அந்தப் பாட்டின் அசல் அந்த ஊர்க்காரர்களுடையது. ஓபஸ் என்ற குழு பாடி, 1985-ல் ஐரோப்பா முழுக்கப் பரவிய கொண்டாட்டப் பாட்டு. லைபாக் அதை எடுத்து, தாளத்தை ராணுவ அணிவகுப்பாக மாற்றி 1987-ல் 'ஓபஸ் டெய்' ஆல்பத்தில் வெளியிட்டது. ஒரு மைதானமே கையைத் தூக்கி ஒரே வரியைக் கத்தும்போது அதற்குள் என்னவெல்லாம் ஒளிந்திருக்கிறது என்பது லைபாக் பாடிக் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. அப்புறம் என்னால் அசலைப் பழையபடி ரசிக்க முடியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அவர்களுடைய டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு ஆபீஸ் போனேன். நெஞ்சில் ஒரு கறுப்புச் சிலுவை, வேறெதுவும் இல்லை. எங்கள் டீம் லீட், அவரும் இந்தியர்தான், "இது ஹிட்லர் சின்னம், உன்னால எங்க எல்லாருக்கும் விசா பிரச்சினை வரும்" என்று பதறிப்போய் எச்.ஆருக்கு எழுதிவிட்டார். ஆஸ்திரியாவில் நாஜிச் சின்னங்களுக்குச் சட்டப்படி தடை உண்டு. அந்தச் சட்டம் அவசியமானது என்றுதான் நானும் நினைக்கிறேன், அதில் எனக்கு எந்த மாற்றுக்கருத்தும் இல்லை. ஆனால் அந்தச் சிலுவை ரஷ்ய ஓவியர் காசிமிர் மலேவிச் 1915-ல் வரைந்தது. அந்த வகை நவீன ஓவியங்களையே சீரழிந்த கலை என்று ஒதுக்கியவர்கள் நாஜிகள்.

எச்.ஆர் அம்மா இணையத்தில் தேடி இன்னொரு படத்தைக் காட்டினார். 'ஓபஸ் டெய்' ஆல்பத்தின் உள்ளுறையில் நான்கு கோடரிகள் சேர்ந்து ஸ்வஸ்திகாவாக நிற்கும் படம். அதைச் செய்தவர் ஜான் ஹார்ட்ஃபீல்ட், ஹிட்லருக்கு எதிராகவே படம் செய்துகொண்டிருந்த ஜெர்மன் கலைஞர். 1933-ல் உயிர் பிழைக்க நாட்டைவிட்டு ஓடியவர், அடுத்த வருடம் இதைச் செய்தார். ரத்தம் சொட்டும் கோடரி அது. அதை வாழ்த்து என்று யாராவது படிக்க முடியுமா? எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்கள் சொல்வது சரி, இருந்தாலும் போட வேண்டாமே" என்றார். அந்த "இருந்தாலும்" இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. சரி என்று தெரிந்த பிறகு எதற்கு இருந்தாலும்?

கேன்டீனில் இதைக் கேட்ட ஸ்லோவேனிய நண்பர், "நீ அவங்க ஊரைப் பார்க்கணும்" என்று ரயிலில் அழைத்துப் போனார். ஊர் பெயர் திர்போவ்லியே. இருநூறு வருட நிலக்கரி ஊர். சாவா ஆற்றை ஒட்டி ரயில் போகும்போதே 360 மீட்டர் உயரப் புகைபோக்கி தெரிகிறது, ஐரோப்பாவிலேயே உயரமானது. அதன் அனல்மின் நிலையம் 2014-ல் நின்றுபோனது. இணையத்தில் ஊர் பெயரைத் தேடினால் 2020-ல் இரண்டு பேர் அந்தப் புகைபோக்கியில் ஏறிய வீடியோதான் முதலில் வருகிறது. ஸ்டேஷனிலிருந்து மேலே போனால் குறுகிய பள்ளத்தாக்கில் வரிசை வரிசையாகச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு. நான் நெய்வேலியில் ஷிஃப்ட் சங்கு கேட்டு வளர்ந்தவன். இந்த இசை எந்த மாதிரி ஊரிலிருந்து வந்தது என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இதே ஊரில் 1924 ஜூன் 1 அன்று ஓர்யூனா என்ற தேசியவாதப் படைக்கும் தொழிலாளர்களுக்கும் ரத்தக்களரி நடந்தது. லைபாக் தொடங்கியது 1980 ஜூன் 1, ஸ்லோவேனியாவும் அப்போது சேர்ந்திருந்த யூகோஸ்லாவியாவின் தலைவர் டிட்டோ இறந்து ஒரு மாதம்கூட ஆகாத சமயம். அதே ஆண்டு செப்டம்பரில் தொழிலாளர் மன்றத்தில் கண்காட்சியும் கச்சேரியும் வைக்கப் பார்த்தார்கள். போஸ்டர்களைப் பார்த்ததுமே அதிகாரிகள் தடை போட்டுவிட்டார்கள். நண்பரின் அப்பா அந்தச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஷிஃப்ட் முடிந்து வரும்போது போஸ்டரைப் பார்த்ததாகச் சொன்னார். "யார் வீட்டுப் பையன்கள் என்று ஊருக்கே தெரியும், நாங்கள் யாரும் பயப்படவில்லை, பயந்தது அதிகாரத்தில் இருந்தவர்கள்தான்" என்றார்.

அவர்கள் பயந்ததும் நிஜம். 1982-ல் ஸ்லோவேனியத் தலைநகர் லியுப்லியானாவில் ஒரு விழா மேடையில், குழுவின் அப்போதைய பாடகர் தோமாஷ் ஹோஸ்ட்னிக் ராணுவ உடையில் நின்றபோது கூட்டத்திலிருந்து வந்த பாட்டில் முகத்தைக் கிழித்தது. ரத்தம் வழிய அசையாமல் நின்றார். அந்த டிசம்பரில் அவர் தற்கொலை செய்துகொண்டார். அடுத்த வருடம், இன்றைய குரோஷியத் தலைநகர் ஸாக்ரெப்பில் டிட்டோ வரும் படத்தையும் ஆபாசப் படத்தையும் ஒரே நேரத்தில் திரையில் ஓட்டினார்கள், கச்சேரி பாதியில் நிறுத்தப்பட்டது. 1983 ஜூனில் தொலைக்காட்சிப் பேட்டி. சீருடையில் நேராக உட்கார்ந்து, எழுதி வைத்த பதில்களை உணர்ச்சியே இல்லாமல் வாசித்தார்கள். இவர்களைத் தடுக்க வேண்டும் என்று பேட்டி எடுத்தவரே நேயர்களிடம் கேட்டுக்கொண்டார். லைபாக் என்பது லியுப்லியானாவின் ஜெர்மன் பெயர், இரண்டாம் உலகப் போரில் நாஜி ஆக்கிரமிப்பை நேரில் பார்த்த தலைமுறை அப்போது உயிரோடு இருந்தது. அந்தப் பெயரிலேயே மேடையேறக் கூடாது என்ற தடை 1987 வரை நீடித்தது. 1984 டிசம்பரில் ஹோஸ்ட்னிக் நினைவாக ஒரு கச்சேரி நடத்தினார்கள். போஸ்டரில் குழுவின் பெயர் கிடையாது, கறுப்புச் சிலுவை, இடம், தேதி மட்டும். புரிய வேண்டியவர்களுக்குப் புரிந்தது. பத்தாண்டு நிறைவை 1990 டிசம்பரில் அதே திர்போவ்லியேவின் அனல்மின் நிலையத்தில்தான் கொண்டாடினார்கள். பத்து வருடம் முன்பு கதவைச் சாத்திய ஊர்!

"அப்படியானால் நாங்கள் நாஜி இல்லை என்று நேராகச் சொல்லிவிட்டுப் போகலாமே" என்று கமெண்டில் சிலர் வருவீர்கள் என்று தெரியும். ஹிட்லர் எந்த அளவுக்கு ஓவியரோ அந்த அளவுக்கு நாங்கள் ஃபாசிஸ்ட் என்று அவர்கள் ஒரு தடவை சொன்னார்கள், அதற்கு மேல் இறங்கி வந்ததில்லை. இது எல்லோருக்கும் ஒத்துவராது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தன்னைக் கிண்டல் செய்பவனைச் சிறையில் போடத் தெரிந்த அரசுக்கு, தன் கோஷத்தைத் தன்னைவிடத் தீவிரமாக முழங்குபவனை என்ன செய்வது என்று தெரியவில்லை. தத்துவவாதி ஸ்லாவோய் ஜிஜெக்கும் இவர்களைப் பற்றி ஏறக்குறைய இதைத்தான் எழுதினார். வேஷத்தைக் கலைத்திருந்தால் அந்த நிமிடமே எல்லாம் முடிந்திருக்கும். 2015-ல் வடகொரியா போய்ப் பாடியதை வைத்துத் திட்டுபவர்கள், 1995-ல் போஸ்னியப் போர் ஓயும் நேரத்தில் அதன் தலைநகர் சரயேவோவுக்குப் போய்ப் பாடியதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

'ஓபஸ் டெய்'யில் தொடங்குங்கள். பிடித்தால் 1985-ல் வந்த முதல் ஆல்பத்துக்குப் போங்கள். அது கரடுமுரடானது, ஆனால் சுரங்கம் அதில்தான் இருக்கிறது. பிற்காலத்து ரீமேக் பாட்டுகள் பலவற்றில் எனக்கு அந்த வலு தெரியவில்லை.

எல்பியாக வாங்க நினைத்தால் கொஞ்சம் யோசியுங்கள். நான் ஊருக்கு அனுப்பிய பெட்டியைக் கூரியர்காரர்கள் நாலாக மடித்த மாதிரி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அதற்குச் சுங்கவரியும் வசூலித்தார்கள். உடைந்த இசைத்தட்டுக்கு எதற்கு வரி என்று கேட்டால் புகார் எண் தருகிறார்கள். அந்த எண்ணை வைத்துக்கொண்டு யாரிடம் கேட்பது என்று விவரம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கீழே சொல்லுங்கள்.